லேண்ட் ரோவர் முன் அச்சு: சீலை மாற்றியும் ஆயில் கசிவு ஏன் நிற்பதில்லை?

கேமரன் மலை: பழைய லேண்ட் ரோவரின் முன்சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பார்த்தால், தேங்காயைவிடச் சற்றுப் பெரிய ஓர் இரும்பு உருண்டை தெரியும். மேலே குரோம் பூசியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரம் இந்த உருண்டையைச் சுற்றித்தான் திரும்புகிறது. ஸ்விவல் பால் என்று இதற்குப் பெயர். அதன் அடியில் ஆயில் சொட்டத் தொடங்கினால் வண்டிக்காரர்கள் வழக்கமாகச் செய்வது, புது ஆயில் சீல் ஒன்றை வாங்கி மாட்டுவது. சில மாதங்களில் மறுபடியும் சொட்டும். மறுபடியும் ஒரு சீல்.

குற்றம் பெரும்பாலும் சீலின் மேல் இல்லை. அந்த ரப்பர் வளையம் எந்த உலோகத்தின் மேல் உரசிக்கொண்டு நிற்கிறதோ, அந்த உலோகம் கெட்டுப்போயிருக்கும். அதைப் பார்க்க வேண்டுமானால் முன் அச்சைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கழற்றுவது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை. வீட்டு வாசலிலேயே செய்யலாம், செய்துகொண்டும் இருக்கிறார்கள். ஆனால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் ஒரே இடத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் பகுதி அது. தாப்பாவுக்கு இறங்கும் சாலையில் எத்தனை வளைவு என்று எண்ணிப் பார்த்தவர்களுக்கு, அந்த இரண்டில் ஒன்று பிசகினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த வண்டி மலைக்கு ஏன் பொருந்திப்போனது என்பதற்குக் காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. இங்கிலாந்தின் ரோவர் நிறுவனப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ், தமது பண்ணையில் போர்க்கால ஜீப் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். அதற்கு மாற்றாக விவசாயிக்கென்று ஒரு வண்டி செய்யலாம் என்ற யோசனை அங்கேதான் வந்தது. 1948 ஏப்ரல் 30ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் முதல் லேண்ட் ரோவர் அறிமுகமானது. போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் உருக்குக்குத் தட்டுப்பாடு இருந்ததால், உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். இந்த மலையின் ஈரத்தில் மற்ற வண்டிகளின் தகரம் உதிரும்போது இதன் உடல் தாக்குப்பிடிப்பதற்கு அதுவே காரணம். சேஸிஸ் உருக்குதான், அது துருப்பிடிக்கும். அது வேறு கதை.

1948 முதல் 1985 வரை சீரிஸ் 1, 2, 2ஏ, 3 என்று வந்தவை எல்லாம் பட்டை ஸ்பிரிங் வண்டிகள். ரிங்லெட், பிரிஞ்சாங், கம்போங் ராஜா பக்கம் முட்டைக்கோஸ் கூடைகளோடு இன்றும் முனகிக்கொண்டு ஏறுகிறவற்றில் இந்த வகைகளைப் பார்க்கலாம். 1983இல் சுருள் ஸ்பிரிங்கோடு வந்த 110 ரகமும் அதன் வழியில் வந்த டிஃபண்டரும் உள்ளமைப்பில் வேறுபட்டவை. டிஃபண்டர் உற்பத்தியும் 2016 ஜனவரி 29இல் நின்றுவிட்டது. இங்கே சொல்லப்படுவது சீரிஸ் வண்டிகளைப் பற்றி.

உள்ளே என்ன இருக்கிறது?

மாட்டு வண்டி ஓடிய காலத்தில் அச்சு, குடம், ஆரக்கால், வட்டை, கடையாணி என்று ஒவ்வோர் உறுப்புக்கும் தமிழில் பெயர் இருந்தது. அந்த அச்சு சும்மா கிடக்கும், சக்கரம் மட்டும் சுற்றும். லேண்ட் ரோவரின் முன் அச்சு அப்படியல்ல. மூன்று வேலைகளை அது ஒரே நேரத்தில் செய்கிறது: பாரத்தைச் சுமக்கிறது, சக்கரத்தைத் திருப்ப இடம் கொடுக்கிறது, இன்ஜினின் சக்தியையும் சக்கரத்துக்குக் கொண்டுபோகிறது.

நடுவில் டிஃபரன்ஷியல். அதிலிருந்து இரு பக்கமும் ஒவ்வொரு ஹாஃப் ஷாஃப்ட். அந்தத் தண்டு உருண்டைக்குள் நுழையும் இடத்தில் ஒரு யுனிவர்சல் ஜாயின்ட் இருக்கிறது. மனிதனின் மணிக்கட்டுப் போல, வளைந்துகொண்டே சுற்றக்கூடியது. உருண்டையை ஒரு வார்ப்பிரும்புக் கூடு மூடியிருக்கும். அந்தக் கூட்டை மேலே ஒரு பின், கீழே ஒரு பின் பிடித்திருக்கின்றன. கதவுக்கு இரண்டு கீல் போல என்று வைத்துக்கொள்ளலாம். மேலே புஷ், கீழே கூம்பு வடிவ ரோலர் பேரிங். கூட்டுக்குள் ஏறக்குறைய அரை லிட்டர் இ.பி.90 கியர் ஆயில். அது வெளியே வராமலும், சேறு உள்ளே போகாமலும் தடுப்பதுதான் அந்தப் பெரிய சீல்.

இப்போது கோளாறு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். சேறும் மணலும் உருண்டையின் மேல் ஒட்டி, ஒவ்வொரு திருப்பத்திலும் குரோமைத் தேய்க்கின்றன. குரோம் ஓர் இடத்தில் உரிந்தால் அங்கே துரு பிடிக்கிறது. துரு குழியாகிறது. குழியின் விளிம்பு, மேலே போடும் புது சீலை அரம்போல அறுக்கிறது. எத்தனை சீல் போட்டாலும் அந்த உருண்டை அதைத் தின்றுவிடும்.

ஆயில் குறைந்தது தெரியாமல் ஓட்டினால் அடுத்து அடிபடுவது யுனிவர்சல் ஜாயின்டும் மேல் புஷ்ஷும். மேல் பின் தளர்ந்தால் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கும். ஒரு சின்னக் குழியில் விழுந்து எழுந்த மாத்திரத்தில் முன்சக்கரங்கள் இரண்டும் படபடவென்று ஆடி, வண்டியை நிறுத்தினால்தான் அடங்கும் நிலை வரும். அதற்கு டயரைக் குறை சொல்லி டயர் மாற்றியவர்கள் உண்டு.

ஆயில் ஒழுகுகிறதே என்று கூட்டுக்குள் கிரீஸை அடைத்துவிடுவது இன்னொரு பழக்கம். டிஃபண்டர் ரகத்துக்கு லேண்ட் ரோவர் நிறுவனமே பிற்பாடு இளகிய கிரீஸ் ஒன்றைக் கொடுத்தது உண்மைதான். ஆனால் சீரிஸ் வண்டியின் மேல் புஷ், கீழே இருக்கும் ஆயில் சுற்றித் தெறிப்பதை நம்பி அமைக்கப்பட்டது. கெட்டிக் கிரீஸ் அடியிலேயே கிடக்கும், மேலே காய்ந்துபோகும். ஃபிரீ வீல் ஹப் பொருத்திய வண்டிகளிலும் இதே சிக்கல். ஹப்பைத் திறந்தே விட்டு மாதக் கணக்கில் ஓட்டினால் உள்ளே தண்டு சுற்றாது, ஆயில் தெறிக்காது. அவ்வப்போது சில கிலோமீட்டர் பூட்டி ஓட்டுவது நல்லது. அதை மண் சாலையில் செய்ய வேண்டும்.

மண் சாலை என்பதற்கும் காரணம் இருக்கிறது. சீரிஸ் வண்டியில் மஞ்சள் குமிழை அழுத்தினால் முன், பின் அச்சுகள் இரண்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். நடுவில் விட்டுக்கொடுக்க டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடக் கூடுதல் தூரம் ஓட வேண்டும். மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். தார் சாலையில் வழுக்க இடமில்லாததால், முறுக்கு முழுவதும் தண்டுகளிலும் யுனிவர்சல் ஜாயின்டிலும் ஏறுகிறது. சிவப்புக் கம்பியை இழுத்து லோ ரேஞ்ச் போட்டாலும் நான்கு சக்கரமும் தானாகவே சேர்ந்துவிடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தோட்டத்துக் குன்றிலிருந்து லோ ரேஞ்சில் இறங்கி, அப்படியே தார் சாலையில் தானா ராத்தா வரை போய்விடுகிறவர்களின் முன் அச்சு சீக்கிரம் தேய்வதில் வியப்பில்லை.

ஜேக் போடும் முன்

இந்த வேலையில் ஆளைக் கொல்லக்கூடிய கட்டம் ஸ்பேனரைத் தொடும் முன்பே வந்துவிடுகிறது. கேமரன் மலையில் சமமான வாசல் கிடைப்பது அரிது. தோட்டக் குடியிருப்பின் முன்னால் இருக்கும் இடம் எப்படியும் ஒரு பக்கம் சரிந்திருக்கும். மழைக்குப் பிறகு மண் இளகியிருக்கும்.

ஹேண்ட் பிரேக்கை நம்பலாம் என்று நினைப்பது பெரிய தவறு. சாதாரணக் காரில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களைப் பிடிக்கிறது. சீரிஸ் லேண்ட் ரோவரில் அது சக்கரத்தைப் பிடிப்பதில்லை. கியர்பாக்ஸுக்குப் பின்னால், பின் அச்சுக்குப் போகும் தண்டைப் பிடிக்கிறது. தண்டு நின்றாலும் டிஃபரன்ஷியல் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். பின்சக்கரங்களில் ஒன்று தரையை விட்டு எழும்பினாலோ வழுக்கும் சேற்றில் இருந்தாலோ, அது ஒரு திசையில் சுற்ற, மற்றது எதிர்த்திசையில் சுற்றி, வண்டி நகர்ந்துவிடும். ஹேண்ட் பிரேக் முழுவதுமாக இழுத்த நிலையிலேயே நகரும். ஆகவே இரண்டு பின்சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் மரக்கட்டை கொடுத்தாக வேண்டும்.

ஜேக்குக்கு அடியில் தடித்த பலகை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மண்ணுக்குள் இறங்கும். வண்டியைத் தூக்கிய பிறகு அதைச் சேஸிஸுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டில் உட்கார வைக்க வேண்டும். ஸ்டாண்டுக்கு அடியிலும் பலகை. செங்கல்லும் சிமெண்ட் கட்டியும் ஸ்டாண்டுக்கு ஈடாகாது. பார்க்கக் கெட்டியாக இருந்தாலும், ஒரு முனையில் பாரம் ஏறினால் சொல்லாமல் கொள்ளாமல் பிளந்துவிடும். வேலை நடக்கும்போது பிள்ளைகளை அந்தப் பக்கம் விடக்கூடாது. அதற்கும் வழியில்லாத சரிவு என்றால், வண்டியைச் சமமான இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போவதே சரி.

தூக்கியவுடன், எதையும் கழற்றும் முன் ஒரு சோதனை. சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து முன்பின்னாக ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால், இன்னொருவரை பிரேக்கை மிதித்துக்கொள்ளச் சொல்லி மறுபடியும் ஆட்ட வேண்டும். ஆட்டம் நின்றுவிட்டால் கோளாறு வீல் பேரிங்கில். நிற்காவிட்டால் ஸ்விவல் பின்னில். கழற்றிவிட்டால் இந்தக் கேள்விக்கு இவ்வளவு சுலபமாகப் பதில் கிடைக்காது.

கழற்றும் வரிசை

ஸ்பேனர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பழைய சீரிஸ் வண்டிகளில் பி.எஸ்.எப். எனும் பழைய பிரிட்டிஷ் அளவும் யு.என்.எப். அளவும் கலந்து கிடக்கும். மில்லிமீட்டர் ஸ்பேனர் ‘கிட்டத்தட்ட’ பொருந்தும். அந்தக் ‘கிட்டத்தட்ட’வில்தான் போல்ட்டின் முனை உருண்டுபோகிறது. துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முதல் நாள் இரவே துரு நீக்கும் எண்ணெய் அடித்து வைத்தால் மறுநாள் பாதி வேலை மிச்சம்.

டிஃபரன்ஷியல் ஆயிலையும் ஸ்விவல் ஆயிலையும் தனித்தனியே வடித்துவிட்டு, நிறத்தைப் பார்க்க வேண்டும். தே தாரிக் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வெள்ளி நிறத்தில் மினுமினுத்தால் இரும்பு தேய்கிறது. யாரும் ஊற்றாமலேயே ஸ்விவலில் ஆயில் கூடி, டிஃபரன்ஷியலில் குறைந்திருந்தால், இரண்டுக்கும் நடுவில் தண்டைச் சுற்றியிருக்கும் உள் சீல் போய்விட்டது. வெளி சீலை மட்டும் மாற்றுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றக்கூடாது. பயன்படுத்திய எந்திர ஆயில் மலேசியச் சட்டப்படி அட்டவணையிடப்பட்ட கழிவு. அதைவிட அருகில் இருக்கும் காரணம், இங்குள்ள ஓடைகள் பல பெர்த்தாம் ஆற்றில் சேர்ந்து ரிங்லெட் நீர்த்தேக்கத்துக்குப் போகின்றன என்பது. டப்பாவில் அடைத்து, பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் பட்டறையில் கொடுத்துவிடலாம்.

சக்கரத்தைக் கழற்றிய பின் பிரேக் டிரம். டிரம்முக்குள் இருக்கும் கறுப்புத் தூசியைக் காற்றடித்து ஊதும் பழக்கத்தை விட வேண்டும். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அந்தத் தூசி நுரையீரலுக்குப் போனால் திரும்ப வராது. ஈரத் துணியால் துடைக்கலாம், அல்லது தண்ணீர் தெளித்து அடக்கலாம்.

அடுத்து ஹப். நடுவில் உள்ள மூடியை எடுத்து, தண்டு முனையின் பிளவு ஊசியையும் நட்டையும் கழற்றினால், ஆறு போல்ட்டுகளில் நிற்கும் டிரைவ் ஃபிளாஞ்ச் வெளியே வரும். அதற்குள் பெரிய நட்டுகள் இரண்டு, நடுவில் மடக்கிவிட்ட பூட்டு வாஷர். இந்த நட்டுக்கு 52 மில்லிமீட்டர் பாக்ஸ் ஸ்பேனர் வேண்டும். விலை அதிகமில்லை, நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒன்று வாங்கி வைக்கலாம். உளியையும் சுத்தியலையும் வைத்து இந்த நட்டை அடித்துத் திருப்புவது பரவலான வழக்கம். முதல் தடவை வரும். மூன்றாவது தடவை நட்டுக்கு முனையே இருக்காது, உதிர்ந்த இரும்புத்தூள் பேரிங்குக்குள் இருக்கும்.

ஹப் வெளியே வந்ததும் பேரிங்கைக் கழுவிப் பார்க்க வேண்டும். நீலம் பாய்ந்திருந்தால் சூடேறியிருக்கிறது. வளையத்தில் ரோலர் இடைவெளியில் பழுப்புக் கோடுகள் இருந்தால், தண்ணீரோடு வண்டி நெடுநாள் நின்றிருக்கிறது. இரண்டில் எதைக் கண்டாலும் பேரிங்கை வெளி வளையத்தோடு சேர்த்தே மாற்ற வேண்டும்; பழைய வளையத்தில் புது ரோலர் ஓடக்கூடாது. ஹப்பின் பின் சீல் உட்காரும் வளையத்தில் நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் அந்த வளையமும் மாற வேண்டும். இங்கே ஒழுகும் ஆயில் தரையில் சொட்டாது. நேரே பிரேக் லைனிங்கை நனைக்கும். பிரேக் மிதித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் இது. உருண்டையில் சொட்டுவது கண்ணுக்குத் தெரிவதால் எல்லாரும் அதைப் பற்றியே பேசுகிறார்கள். ஹப் சீல் ஒழுகல் பெரும்பாலும் கண்ணில் படுவதே இல்லை.

பிரேக் பின்தகட்டையும் ஸ்டப் ஆக்ஸிலையும் பிடித்திருப்பது ஆறு போல்ட்டுகள். பின்தகட்டைக் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட்டால், பிரேக் குழாயைத் திறக்காமலேயே வேலை முடியும். ரப்பர் குழாயில் மட்டும் பாரம் விழக்கூடாது. ஸ்டப் ஆக்ஸில் வந்த பிறகு ஹாஃப் ஷாஃப்டை மெதுவாக வெளியே இழுக்கலாம். யுனிவர்சல் ஜாயின்டை நான்கு பக்கமும் அசைத்து, சிக்கல் இருக்கிறதா என்று பார்ப்பது இப்போதுதான்.

ஸ்டியரிங் கம்பியின் பந்து மூட்டு சுலபத்தில் விடாது. நட்டைத் தளர்த்தி, முனையின் இரு பக்கமும் இரண்டு சுத்தியலால் ஒரே நேரத்தில் ஓங்கி அடித்தால் அதிர்ச்சியில் விட்டுக்கொடுக்கும். மேலேயிருந்து மரையின் மீது அடித்தால் மரைதான் கெடும்.

பெரிய சீலுக்கு வருவோம். அது முழு வட்டம்; உருண்டைக்கும் அச்சுக்குழாய்க்கும் நடுவே சிறைப்பட்டிருக்கிறது. அதை முறையாக மாற்ற, உருண்டையையே அச்சுக்குழாயிலிருந்து அவிழ்க்க வேண்டும். இந்தச் சிரமத்துக்குப் பயந்துதான் சீலைக் கத்தியால் ஓர் இடத்தில் வெட்டி, விரித்து மாட்டும் குறுக்குவழி வந்தது. வெட்டிய வாயை மேல்பக்கம் வைத்தால் கொஞ்ச நாள் தாங்கும். ஆனால் மழையும் சேறும் மேலிருந்துதானே வருகின்றன? கூட்டையும் உருண்டையையும் சேர்த்தே ஒரு கட்டாக அச்சிலிருந்து அவிழ்த்து, மேசைமேல் வைத்துப் பிரிப்பதுதான் வீட்டில் செய்யச் சுலபம். கனம் அதிகம்; இரண்டு பேர் வேண்டும்.

உருண்டையில் குழி இருந்தால் மாற்றுவதே முறை. எப்பாக்ஸி பசையால் குழியை நிரப்பி, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். சின்னக் குழி என்றால் சில காலம் ஓடும், தப்பில்லை. குரோம் தட்டாக உரிந்த உருண்டைக்கு அது பயன்படாது.

மேல் பின்னுக்கு அடியில் காகிதம்போல மெல்லிய தகடுகள் இருக்கும். ஷிம் என்பது அதுதான். வேலையிலேயே நுணுக்கமான பகுதி இது. இடது பக்கத் தகடுகளும் வலது பக்கத் தகடுகளும் கலந்துவிடக்கூடாது. ஸ்ட்ராபெரி விற்கும் பிளாஸ்டிக் பெட்டிகள் இந்த மலையில் எல்லார் வீட்டிலும் கிடக்கின்றன. பக்கத்துக்கு ஒன்று வைத்து, எழுதி ஒட்டினால் போதும்.

மாட்டும்போது

திரும்ப மாட்டுவதை, கழற்றிய வரிசையின் தலைகீழ் என்று சொல்லி முடித்துவிட முடியாது. இரண்டு இடங்களில் அளவு பார்த்தே ஆக வேண்டும்.

முதலாவது ஸ்விவல் பின்னின் இறுக்கம். பெரிய சீலும் ஹாஃப் ஷாஃப்டும் போடும் முன், ஸ்டியரிங் கம்பி மாட்டும் துளையில் ஸ்பிரிங் தராசைக் கொக்கியிட்டு இழுத்து, கூடு நகரத் தொடங்கிய பிறகு தராசு காட்டும் எடையைப் படிக்க வேண்டும். காய்கறி நிறுக்கும் தொங்கு தராசே போதும். எத்தனை கிலோ என்பது அந்தந்த ரகத்தின் பட்டறைக் கையேட்டில் இருக்கிறது. கூடக் குறைய இருந்தால் ஷிம்மை எடுத்தோ சேர்த்தோ சரிசெய்ய வேண்டும். ஷிம்மை எடுத்தால் இறுகும், சேர்த்தால் தளரும். ஸ்டியரிங் நடுக்கம் நிற்பதும் நிற்காததும் இங்கேதான் முடிவாகிறது.

இரண்டாவது வீல் பேரிங். ஹப்பைச் சுற்றிக்கொண்டே உள் நட்டை இறுக்கி, பிறகு தளர்த்தி, ஹப் 0.10 முதல் 0.15 மில்லிமீட்டர் வரை முன்பின் நகரும்படி விட வேண்டும். டயல் கேஜ் இருந்தால் நல்லது. இல்லாதவர்கள் கைப்பழக்கத்தில் செய்கிறார்கள். அதில் தவறுவது பெரும்பாலும் ஒரே திசையில்: ‘பலமாக இருக்கட்டும்’ என்று இறுக்கிவிடுவது. இறுகிய பேரிங் மலை இறக்கத்தில் கொதிக்கும். வெளி நட்டை இறுக்கியதும் அளவு கொஞ்சம் மாறும் என்பதால் மறுபடியும் பார்த்துவிட்டுத்தான் பூட்டு வாஷரை மடக்க வேண்டும். பழைய வாஷரை மூன்றாவது முறை மடக்கக்கூடாது. பிளவு ஊசிகள் எல்லாமே புதியவை. சில காசு விலைதான்.

சீலின் உதட்டில் ஆயில் தடவித்தான் மாட்ட வேண்டும். உலர்ந்த சீல் முதல் கிலோமீட்டரிலேயே கருகும். ஒவ்வொரு ஸ்விவலுக்கும் அரை லிட்டர், டிஃபரன்ஷியலுக்கு ஏறக்குறைய 1.75 லிட்டர் ஆயில். மட்டத் துளையில் வழியும் வரை ஊற்றினால் சரி. பிரேக் குழாயைத் திறந்திருந்தால், மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரத்திலிருந்து தொடங்கிக் காற்றை வெளியேற்ற வேண்டும். பிரேக் பெடல் பஞ்சுபோல இருக்கும்வரை வண்டி வாசலைத் தாண்டக்கூடாது.

முதல் ஓட்டம் தோட்டச் சாலையில், பாரம் இல்லாமல், மெதுவாக. ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி, பிரேக் குழாய் எங்கும் இழுபடவில்லை என்று பார்க்க வேண்டும். ஐந்தாறு கிலோமீட்டர் போய் நிறுத்தி, இரண்டு முன் ஹப்பையும் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். இளஞ்சூடு இருக்கலாம், இரண்டும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் கொதித்தால் அந்தப் பக்கத்து நட்டு இறுக்கம் அல்லது பிரேக் உரசுகிறது. திறந்து பார்க்காமல் தாப்பா சாலையில் இறங்கக்கூடாது. சக்கர நட்டுகளை அன்றைக்கு ஒரு முறை, வாரம் கழித்து ஒரு முறை இறுக்கிப் பார்க்க வேண்டும். இரவு நிறுத்தும்போது இரண்டு உருண்டைகளுக்கும் அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து வைத்தால், காலையில் சொட்டு விழுந்திருக்கிறதா, எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.